ஆலிஸ் துரைசாணியின் ரிவால்வருக்குத் தோட்டா

சேலத்தில் எங்கள் வீதிக் கோடியில் இருக்கும் பாங்கில் காவலுக்கு நிற்பவர் ஒருவர். நான் ஒரு காலத்தில் துப்பாக்கி விற்கிற கடையில் வேலை பார்த்தவன் என்று யாரோ அவருக்குச் சொல்லிவிட்டார்கள். போன வாரம் என்னை மறித்தார்.

"ஏனுங்க பெரியவரே, கைத்துப்பாக்கிக்கு எந்தத் தோட்டா நல்லதுங்க? ஒரு பாதுகாப்புக்குத்தான் கேக்கறனுங்க."

"யாருக்குங்க? எங்க வெச்சிருக்கப் போறாரு? ஊட்டுல யாரு யாரு இருக்கறாங்க?" என்று கேட்டேன்.

அவர் முகம் சுருங்கிப் போயிற்று. "சும்மாதாங்க கேட்டேன்" என்று நகர்ந்துவிட்டார்.

சும்மா கேட்கிறவனைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்று எனக்குப் பழக்கியவர் ஞானமுத்து ஐயா. அந்தப் பழக்கம் இந்த வயதிலும் விடவில்லை. அவரையும் அவர் சந்தேகத்தையும் பற்றிச் சொல்ல என்னைத் தவிர இப்போது ஆள் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

வெள்ளைக்காரர் காலத்தில் ஏற்காட்டுக் கடைத்தெருவில் எஸ்டேட் துரைமாருக்கென்றே ஒரு பெரிய கடை இருந்தது. முன்பக்கம் பிஸ்கட்டு, டின் மீன், விளக்குத் திரி, சீமைச் சாராயம். பின்கட்டில் இரும்புக் கதவு போட்ட ஓர் அறை. துப்பாக்கியும் தோட்டாவும் அங்கேதான். அந்த அறைக்குப் பொறுப்பாளர் ஞானமுத்து ஐயா. பட்டாளத்தில் ஆயுதக் கிடங்கில் இருந்துவிட்டு வந்தவர். நான் கல்யாணமாகி, வேறு பிழைப்பு ஒன்றும் ஒட்டாமல், மளிகைப் பக்கம் சேர்ந்து, பிறகு அவருக்கு உதவியாள் ஆனேன். தொடக்கத்தில் வெகுநாள் துடைக்கிற துணியைத் தவிர வேறெதையும் என் கையில் கொடுக்கவில்லை.

ஆள் குள்ளம். காக்கிச் சட்டையில் கழுத்துப் பொத்தான் வரை போட்டிருப்பார். எதையும் நேராகப் பார்க்க மாட்டார், தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால்தான் பார்ப்பார். கீழேயிருந்து சரக்கு வந்தால் பெட்டி முத்திரை உடையாமல் இருந்தாலும் நம்ப மாட்டார். பழைய தோட்டாவைப் புதுப் பெட்டியில் போட்டு அனுப்புகிற வியாபாரிகள் உண்டு. ஒவ்வொரு தோட்டாவையும் வெளிச்சத்தில் உருட்டிப் பார்ப்பார். பித்தளைக் கூட்டில் பச்சை பூத்திருக்கிறதா, அடியில் சுத்தி விழுகிற இடத்தில் இருக்கும் கேப்பு அழுந்தியிருக்கிறதா என்று தடவுவார். காதோரம் வைத்து ஆட்டுவார். மருந்து கட்டி தட்டியிருந்தால் சத்தம் வராது. பிறகு பெட்டிக்குச் சிலதை எடுத்துக் கடைக்குப் பின்னால் மணல் மூட்டையில் சுட்டுப் பார்ப்பார். மலையில் மூடுபனி இறங்கினால் உப்பு நீராகிவிடும், மருந்து எம்மாத்திரம்? அதனால் தோட்டாவை ஈயம் பூசிய டின்னில் போட்டு, கூடவே சுண்ணாம்புக் கல் முடிந்த துணியும் வைத்து, மூடி இடுக்கில் மெழுகு ஊற்றி வைப்பார்.

வாங்க வருகிறவர்கள் நிலைமையும் அதேதான். லைசென்ஸு சரியாக இருந்தாலும் கேள்விகள் முடியாது. எங்கே வைப்பீர்கள்? சாவி யாரிடம்? சுவர் கல்லா, மண்ணா, பலகையா? அடுத்த அறையில் யார் படுக்கிறார்கள்?

ஒருமுறை ஒரு துரை பட்டாளத்துத் தோட்டாதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். குண்டின் மேல் நிக்கல் உறை போட்டது. பாய்ச்சல் அதிகம். திருடன் வந்தால் தப்பக்கூடாது என்றார். ஐயா அவரைப் பின்புறம் அழைத்துப் போய், பங்களாக்களில் தடுப்புக்கு அடிப்பது போன்ற பலகைகளை இடம் விட்டு நிறுத்தி, கடைசியில் ஒரு பூசணிக்காயை வைத்தார். நிக்கல் குண்டு எல்லாப் பலகையையும் துளைத்துப் பூசணிக்காயைச் சிதற அடித்தது. வேறு பூசணிக்காய் வைத்து, வெறும் ஈயக் குண்டால் சுட்டார். அது நசுங்கிப் பலகையிலேயே தங்கிவிட்டது.

"அந்தப் பூசணிக்காயி யாரு?" என்று துரை அரைகுறைத் தமிழில் கேட்டுச் சிரித்தார்.

"உங்க சின்னப் பாப்பாங்க. பக்கத்து ரூமுலதான தூங்குது?"

துரை சிரிப்பை நிறுத்திக்கொண்டு ஈயக் குண்டே வாங்கிப் போனார். ஐயாவைப் பொறுத்தவரை தோட்டா தேர்வதென்றால் எது பலமாக அடிக்கும் என்று பார்ப்பதல்ல. எங்கே போய் நிற்கும் என்று பார்ப்பது.

இப்படிப்பட்டவரிடம்தான் ஆலிஸ் துரைசாணி வந்தார்.

செம்மநத்தம் போகிற வழியில் அவருக்குச் சின்னக் காப்பித் தோட்டம் ஒன்று இருந்தது. இந்த மலையிலேயே பிறந்தவர். கூலிக்காரர்கள் குடியிருந்த லயத்துக் குழந்தைகளோடு விளையாடி வளர்ந்ததால் தமிழ் நம்மைப் போலவே வரும். ஆனால் எல்லாரையும் 'நீ' என்றுதான் பேசுவார். அது துரைமார் பேச்சு. அவருடைய கணவர் அந்த மழைக்காலத்தில் காய்ச்சலில் இறந்து போயிருந்தார். பிள்ளை இல்லை. கணவருடைய ரிவால்வரைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

"இதுக்குத் தோட்டா வேணும் ஞானமுத்து. லைசென்ஸு எம்பேருக்கு மாத்தியாச்சு."

ஐயா ரிவால்வரைத் தொடவில்லை. "யாருக்குப் பயந்துங்க தொரசாணிம்மா?"

"கொழுந்தன் தோட்டத்தை வித்துப்போடுன்னு நச்சரிக்கறான். ராத்திரியில யாரோ பங்களாவச் சுத்தி நடக்கறாங்க. நாய் கொலைக்கறதில்ல. தெரிஞ்ச ஆளாத்தான் இருக்கோணும்."

ஐயா தலையைச் சாய்த்து அவர் மணிக்கட்டைப் பார்த்தார். ரிவால்வரைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். கனமான பட்டாளத்து ரிவால்வர் அது. முனை தாழ்ந்துகொண்டே போயிற்று.

"இதுல சுட்டீங்கன்னா முதல் குண்டு கூரைக்குப் போகும். குறியில படற குண்டுதானுங்க நல்ல குண்டு. பெருசா இருந்து என்ன பண்றதுங்க?"

அதை விலைக்கு எடுத்துக்கொண்டு, கைக்கு அடங்கிய, 'முப்பத்தெட்டு' ரகச் சின்ன ரிவால்வர் ஒன்றைக் கொடுத்தார். அதற்கு ஈயக் குண்டு, உதைப்புக் குறைவானது. பின்புறம் கூட்டிப்போய்ச் சுட வைத்தார். அந்தம்மா கொஞ்ச நேரத்திலேயே மணல் மூட்டையின் நடுவில் படும்படி சுட்டார். சுடும்போது முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்று அப்போது தெரியவில்லை.

மார்கழிக் குளிரில் திரும்பி வந்தார். முகம் சிவந்திருந்தது.

"நீ குடுத்த தோட்டா வெடிக்கல. தோட்டத்துல நரி வந்துச்சு. மூணு தரம் அமுக்குனேன், மூணும் சொத்தை."

ஐயாவுக்கு யாரோ அறைந்தது போலாயிற்று. அதே பெட்டி வரிசையில் எங்களிடம் மிச்சமிருந்ததை எடுத்துச் சுட்டார். எல்லாம் வெடித்தன. துரைசாணி கொண்டுவந்த தோட்டாக்களைப் பூதக் கண்ணாடியில் பார்த்தார். கேப்பைச் சுற்றி முடி கனத்துக்கு வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. குண்டூசியால் நெம்பி உள்ளங்கையில் வைத்தார். உருகிவிட்டது. மோந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

தேங்காயெண்ணெய். குளிரில் உறைந்து போயிருந்தது.

"ஈரம் இல்லீங்க தொரசாணிம்மா. யாரோ எண்ணெயில ஊறப் போட்டுத் தொடச்சு வெச்சிருக்காங்க. மருந்து செத்துப் போச்சு." சற்று நிறுத்தி, அந்தக் கேள்வியைக் கேட்டார். "அலமாரிச் சாவி யாருகிட்ட இருக்குதுங்க?"

"எங்கிட்ட ஒண்ணு. ரைட்டர்கிட்ட ஒண்ணு."

அவ்வளவுதான். யாரும் ஒரு பேரையும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் தோட்டத்துக் கணக்கெழுதும் ரைட்டர் அங்கமுத்து கொழுந்தனுக்குக் கைக்கூலி ஆகிவிட்டார் என்று அந்த அறையில் மூன்று பேருக்கும் தோன்றிவிட்டது. துப்பாக்கி வெடிக்காது என்று தெரிந்த ஒருவன் பங்களாவுக்குள் நுழைவதற்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கிறான்!

அந்த வாரமே அங்கமுத்துவுக்குச் சீட்டுக் கிழிந்தது. லயத்துக்காரர்கள் பார்த்திருக்க, அவருடைய துணிப்பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஊருக்குக் குப்பனூர்ப் பாதையில் இறங்கிப் போகவேண்டியவர், நேராக எங்கள் கடைக்கு வந்தார். நெட்டையான மனிதர். அந்தத் தோட்டத்தில் துரையின் அப்பா காலத்திலிருந்து ரைட்டராக இருந்தவர்.

"ஏனுங்க ஞானமுத்து, என்னையப் பத்தி என்ன சொன்னீங்க?"

"நான் பேரு எதும் சொல்லலீங்க. எண்ணெய்னு மட்டுந்தான் சொன்னேன்."

"தேங்காயெண்ணெய்ங்களா?"

"ஆமாங்க."

அங்கமுத்து தலைப்பாகையைக் கழற்றினார். ஒரு முடி இல்லை. உள்ளங்கை மாதிரி வழவழவென்று இருந்தது.

"எங்கூட்டுல நல்லெண்ணெய்தானுங்க பொழங்கறது. நான் தேங்காயெண்ணெய எங்க தேய்க்கறது, சொல்லுங்க பாக்கலாம்!"

வேறு நேரமாக இருந்தால் நான் சிரித்திருப்பேன். அவர் கண் கலங்கியிருந்தது. தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு பெட்டியோடு இறங்கிப் போனார். ஐயா அன்று முழுவதும் ஒரே துப்பாக்கியைத் திரும்பத் திரும்பத் துடைத்தார். "ரைட்டர் இல்லீன்னா சாவி இன்னொருத்தர்கிட்டயும் போயிருக்குது" என்றார் கடைசியில்.

மறுநாள் புதுப் பெட்டி ஒன்றை என் பையில் வைத்தார். "தொரசாணி கையில மட்டும் குடு. வேற யாரு கேட்டாலும் குடுக்காத. ஊடு எப்படி இருக்குது, யாரு எங்க நிக்கறாங்க, எல்லாம் பாத்துட்டு வா."

நான் போய்ச் சேர்ந்தபோது பகல் ஏறியிருந்தும் பனி விலகவில்லை. பங்களாவின் சமையல்கட்டுப் பக்கம் பொன்னாயி நின்றிருந்தாள். துரைசாணிக்கு வீட்டு வேலை பார்க்கும் ஆயா. அவர் வயதுதான் இருக்கும். சின்ன வயதிலிருந்து கூடவே இருப்பவள். என் பையைப் பார்த்ததும் கீழே இறங்கி வந்தாள்.

"தோட்டாங்களா சாமி? எங்கிட்டக் குடுங்க, நான் குடுத்தர்றேன்."

"அம்மா கையிலதான் குடுக்கோணும்."

அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள். சட்டென்று என் பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள். "அந்தப் பொட்டிய இந்த ஊட்டுக்குள்ள கொண்டாராதீங்க சாமி. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

ஐயா பார்க்கச் சொன்ன ஆள் இவள்தான் என்று எனக்கு உறைத்தது. அவள் தலையில் தேங்காயெண்ணெய் மினுங்கிக்கொண்டிருந்தது.

"நீதானா?" என்றேன்.

"நாந்தானுங்க. அம்மா குளிக்கப் போறப்ப கொத்துலிருந்து சாவிய எடுத்தனுங்க. எண்ணெயில போட்டா வெடி செத்துப்போகும்னு எங்கூட்டுக்காரர் சொல்லியிருக்கறாரு. அவரு தொரைகூட வேட்டைக்குப் போனவரு."

"யாரு செய்யச் சொன்னா? கொழுந்தனா?"

"ஐயோ சாமி!" வாயில் சேலையை வைத்துக்கொண்டாள். "தொரை போனதுலருந்து மத்தியானமானா அவரு நாற்காலியில உக்காந்துக்கறாங்க. துப்பாக்கி மடியில இருக்குது. ஒருநாள் காப்பி கொண்டுபோனேன். அது வாசப்பக்கம் பாக்கல சாமி. அவங்க பக்கமே பாத்துட்டு இருந்துச்சு. என்னையப் பாத்ததும் கீழ எறக்கிட்டாங்க. நொம்ப நேரம் எங்கையப் புடிச்சுட்டு இருந்தாங்க."

"அப்ப ராத்திரியில நடக்கற ஆளு?"

"அதும் நாந்தானுங்க. ஜன்னலு வழியா மூச்சு உடறாங்களான்னு பாக்கறதுக்கு."

நாய் ஏன் குரைக்கவில்லை என்று எனக்குப் புரிந்தது.

"ரைட்டரய்யா பொட்டியத் தொறந்து காட்டறப்ப நீ பாத்துட்டுத்தான இருந்த?"

"பாத்தனுங்க. வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லியிருந்தா என்னையத் தொரத்தியிருப்பாங்க. அப்பறம் அவங்களப் பாத்துக்கறதுக்கு யாரு இருக்கறா?"

அந்த நேரத்தில் வராந்தாவிலிருந்து துரைசாணியின் குரல் கேட்டது. "யாரு, வையாபுரியா? தோட்டா கொண்டாந்தயா?"

பெட்டி என் இடுப்பில் இடித்துக்கொண்டிருந்தது. "இல்லீங்கம்மா. ஐயா நாளைக்கு அவரே கொண்டாந்து தர்றேன்னு சொல்லச் சொன்னாருங்க" என்றேன். அவர் என்னையும் பொன்னாயியையும் மாறி மாறிப் பார்த்தார். நான் ஓடாத குறையாக வந்து சேர்ந்தேன்.

ஐயா எல்லாவற்றையும் கேட்டார். நான் நினைத்தது போல அவர் நெகிழ்ந்துவிடவில்லை.

"அவ சொல்றது நெசம்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"அழுதாளுங்க ஐயா."

"அழுகறவங்க எல்லாம் நெசமா சொல்றாங்க? கொழுந்தன் அவளுக்கே கைக்கூலி குடுத்திருந்தா? மாட்டிக்கிட்டதும் இந்தக் கதையக் கட்டியிருந்தா? நாம தோட்டா குடுக்கலீன்னா அந்தம்மா வெறுங்கையோட இருக்கும். குடுத்து, இவ சொன்னதும் நெசமா இருந்துச்சுன்னா..."

வாழ்நாள் முழுக்கச் சந்தேகப்பட்டவருக்கு அன்று இரண்டு சந்தேகமும் ஒரே எடையாக இருந்தன. எந்தப் பக்கம் தவறினாலும் ஓர் உயிர். பிறகு, "ஒண்ணுதான் பாக்கி. கேட்டுப் பாத்துடறதுதான்" என்றார்.

மறுநாள் இருவரும் போனோம். ஐயா வராந்தாவில் உட்காரவில்லை. பெட்டியை மேசைமேல் வைத்து அதன்மேல் கையை வைத்துக்கொண்டார். அவர் யாரையும் நேராகப் பார்த்து நான் கண்டது அன்றுதான்.

"தொரசாணிம்மா, தோட்டா விக்கறப்ப சுவரு எப்படி, பக்கத்து ரூமுல யாருன்னு எல்லாம் கேட்டனுங்க. ஒண்ணு மட்டும் கேக்காம உட்டுட்டேன். இது எந்தப் பக்கம் போகோணுமுங்க?"

துரைசாணியின் முகம் வெளுத்தது. "என்ன பேசற நீ? யாருகிட்டப் பேசறன்னு தெரியுதா?"

"தெரியுதுங்க. தெரிஞ்சுதான் கேக்கறேன். வெளிப்பக்கம்னு சொல்லுங்க, குடுத்துட்டுப் போயிடறேன்."

அவர் எழுந்தார். எங்களை வெளியே போகச் சொல்லத்தான் வாயெடுத்தார். சொல்ல வரவில்லை. வெளிப்பக்கம் என்கிற அந்த ஒரு சொல்லும் வரவில்லை. பிறகு வாசல்நிலையில் ஒட்டிக்கொண்டிருந்த பொன்னாயியைப் பார்த்தார்.

"எண்ணெயில போட்டது நீயா?"

"நாந்தானுங்க."

"ராத்திரியில நடந்தது?"

"அதும் நாந்தானுங்க."

துரைசாணி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "புல்லுக்குள்ள பாம்பு கெடக்கும்டி. காலுக்குச் செருப்பு போட்டுட்டு நடக்கக் கூடாதா?" என்றார். அதைச் சொல்லும்போதே அவருக்குக் குரல் உடைந்துவிட்டது. பொன்னாயி ஓடிவந்து பிடித்துக்கொண்டாள். கணவர் இறந்ததிலிருந்து அந்தம்மா அழுததே இல்லையாம். நாங்கள் படியில் போய் உட்கார்ந்துகொண்டோம். வெகுநேரம் கழித்துப் பொன்னாயி ரிவால்வரைத் தட்டில் வைத்து, காப்பி கொண்டுவருவது போலக் கொண்டுவந்தாள். "கடையிலயே இருக்கட்டும்னு அம்மா சொன்னாங்க" என்றாள்.

அது எங்கள் இரும்புக் கதவுக்குப் பின்னால் போயிற்று. அவர் அதைத் திரும்பக் கேட்கவே இல்லை. கொழுந்தன் பிறகு ஒருநாள் வந்தார். தோட்டத்தை விற்கச் சொல்லி இன்னொரு முறை கேட்டார், மாட்டேன் என்றதும் டீ குடித்துவிட்டுப் போனார். நாங்கள் நினைத்த அளவுக்குக் கெட்டவருமில்லை, நல்லவருமில்லை. தோட்டத்தைத் துரைசாணி கடைசிவரை தானே நடத்தினார்.

ரைட்டர் அங்கமுத்து விஷயம் பாக்கி. அதற்கு நான் கூட இருந்தேன்.

துரைசாணி தானே குப்பனூருக்கு இறங்கினார். ஐயாவையும் என்னையும் வரச் சொன்னார். அங்கமுத்து வீட்டு வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். எழுந்து நின்று கும்பிட்டார். துரைசாணி நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் சொன்னார். கணவர் நாற்காலி, மடியில் இருந்த ரிவால்வர், எல்லாம். அந்த அம்மாள் வாயில் முதல்முறையாக 'நீ' போய் வேறு சொல் வந்தது.

"தப்பு எம்பேருல. திரும்பி வாங்க அங்கமுத்து."

அவர் கயிற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "யாரு செஞ்சாங்கன்னு தெரிஞ்சதுனால கூப்படறீங்க. தெரியாமயே போயிருந்தா, எம்பட பேரு என்னவாயிருக்குமுங்க?"

ஞானமுத்து ஐயா முன்னால் வந்தார். கழுத்துப் பொத்தான் அவிழ்ந்திருந்தது.

"எண்ணெய்னு சொன்னதோட நான் நிறுத்தியிருக்கோணுமுங்க. சாவி யாருகிட்டன்னு கேட்டது நாந்தான். கேட்டதும் எனக்கும் உங்க மூஞ்சிதான் தெரிஞ்சுது."

அங்கமுத்து அவரை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, "மூணு பேரு வந்திருக்காங்க, எலை போடு" என்று மனைவிக்குக் குரல் கொடுத்தார். பாயை அவரே விரித்தார். துரைசாணியும் எங்களோடு தரையில் உட்கார்ந்து, கையால் களியைப் பிட்டுக் கீரைக் குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டார். அங்கமுத்து குனிந்து குனிந்து பரிமாறினார். போதும் போதும் என்றாலும் விடவில்லை.

சோறு போட்டு அனுப்பினார். வேலைக்கு மட்டும் வரவில்லை.